பாட்டி காலத்துச் சாப்பாடு

சென்ற தை மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குக் கும்பகோணம் போயிருந்தேன். பந்தியில் எனக்கு இடப்பக்கம் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டை ஒன்றை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு நிம்மதியாகச் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டார். கடைசியில் பால் பாயசம் வந்தது. அதையும் விடச் சொல்லி, இலையைச் சுத்தமாக வழித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன இருந்தாலும் பாட்டி காலத்துச் சாப்பாடு ஆகுமாடா? அவங்க சாப்பிட்டதெல்லாம் மருந்து. நாம சாப்பிடறதெல்லாம் விஷம்!"

அந்த வரிசையில் இருந்த பத்துப் பேரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பந்தியில் மறுத்துப் பேசுவது மரியாதையல்ல என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஆனால் ஊர் திரும்பும்போது ரயிலில் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில், பட்டிமன்றங்களில், நடைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பூங்காவில் இளைப்பாறும் பெஞ்சுகளில், எங்கும் அதுதான். யோசித்துப் பார்த்தால் அது ஒரு வாக்கியம்கூட இல்லை, ஒரு கதை. தமிழில் இப்போது மிக அதிகமாகச் சொல்லப்படும் கதை அதுவாகத்தான் இருக்க வேண்டும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கதையை விமரிசனம் செய்ய உரிமை உண்டு அல்லவா? வைத்தியம் எனக்குத் தெரியாது. காலேஜ் படிப்பையும் பாதியில் விட்டவன். கதை ஒன்றுதான் கொஞ்சம் தெரியும். அந்த அளவில் நின்று சொல்கிறேன்.

கதைச் சுருக்கம் இதுதான்: முன்னொரு காலத்தில் நம் ஜனங்கள் கைக்குத்தல் அரிசியும் கம்பும் கேழ்வரகும் கீரையும் சாப்பிட்டுத் தொண்ணூறு வயது வரை கல்லுக்குண்டாட்டம் இருந்தார்கள். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்புறம் மில் வந்தது, மைதா வந்தது, பரோட்டாவும் பாட்டில் பானமும் வந்தன. ஜனங்கள் சீக்காளிகள் ஆனார்கள். ஆகவே பழமைக்குத் திரும்புங்கள்.

கதாநாயகன் இருக்கிறான், வில்லன் இருக்கிறான், நீதியும் இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற கதை ஜனங்களுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் கதையைக் கையில் எடுத்ததும் விமரிசகன் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு: இது எந்தக் காலத்தில் நடக்கிறது?

பாட்டி காலம் என்றால் எந்த வருஷம்? யாரும் சொல்வதில்லை. என் பாட்டிக்குப் பாட்டி இருந்திருக்கக்கூடிய காலத்தைப் பார்க்கிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆண் பிள்ளைக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கல் உடைக்க வேண்டும். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த கார்னிஷ் என்பவர், இந்த அளவில் மனிதன் வேலை செய்ய முடியாது, உயிர் பிழைப்பதே கஷ்டம் என்று எதிர்த்து எழுதினார். லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். இதுவும் பாட்டி காலம்தான்.

கொஞ்சம் கிட்ட வருவோம். 1941 முதல் 1951 வரையிலான பத்து வருஷங்களுக்கு இந்தியரின் சராசரி ஆயுள் என்று கணக்கிட்டது சுமார் 32 வருஷம். இன்று அது 70-ஐத் தொட்டிருக்கிறது. அந்த 32 என்ற எண்ணில் பிறந்த வீட்டிலேயே கண் மூடிய சிசுக்கள் நிறைய உண்டு. எல்லோரும் முப்பத்திரண்டாவது வயதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனாலும் ஒன்று தெரிகிறது. தொண்ணூறு வயது வரை இருந்த பாட்டியை நாம் பார்த்தோம். அவளோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் நாம் பார்ப்பதற்கு இல்லாமல் போனார்கள் என்று எண்ணவில்லை. என் பாட்டியோடு கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். வளர்ந்து கல்யாணம் வரை வந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருத்தி என் பாட்டி. எண்பத்தொன்பது வயது இருந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் சாப்பாட்டைத்தான் புகழ்ந்தோம். அந்த நாலு பேர் சாப்பிட்டதும் அதே சாப்பாடுதான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

சரி, இதெல்லாம் வறுமையின் கதை, ஆகாரத்தின் குறையல்ல என்று வாசகர்கள் சொல்லலாம். அந்த ஆகாரத்தையே பரீட்சை செய்து பார்த்த ஒருவர் இருந்தார். குன்னூரில் 1918-இல் ஒற்றை அறையில் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்று. ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் அதை நடத்தினார். 1920-களில் அவர் ஒரு வேலை செய்தார். இந்தியாவின் பல பகுதி ஜனங்களும் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே சமைத்து வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது மாமிசம் என்று சீக்கியர் சாப்பிடுகிற சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றவை எவை தெரியுமா? சென்னை ராஜதானிக்காரரின் அரிசிச் சாப்பாட்டைத் தின்ற எலிகள்தான். வங்காளத்து எலிகள் அவற்றுக்குத் துணை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ரோசம்கூட வந்தது. நம் சாம்பாரும் ரசமும் எலிக்குக்கூட ஆகவில்லையா? ஆனால் அவர் கொடுத்தது கல்யாணச் சாப்பாடு அல்ல. சாதாரண ஜனங்களின் இலையில் உண்மையில் என்ன விழுந்ததோ அது: நிறையச் சோறு, துளிப் பருப்பு, துளிக் காய், அநேகமாகப் பால் இல்லை. நாம் நினைவில் வைத்திருப்பது பொங்கல் பண்டிகை இலையை. எலிகள் தின்றது செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டை.

இங்கே அரிசியைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தவிட்டைத் தீட்டி எடுத்த வெள்ளை அரிசியே கதி என்று இருந்தால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, பெரிபெரி என்ற வியாதி வரும் என்பதை ஜாவாவில் கோழிகளை வைத்துக் கண்டறிந்தவர் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர். அதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் ராஜதானியில் அந்த வியாதி கடலோர ஆந்திரப் பகுதியில் ஏராளம். தமிழ் ஜில்லாக்களில் அவ்வளவு இல்லை. காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை ஊற வைத்து ஆவியில் வேக வைக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து கொஞ்சம் அரிசிக்குள் இறங்கி உறைந்துவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் யாரோ ஒரு கிராமத்துப் பெண். சத்துக்காகச் செய்திருக்க மாட்டாள், அரிசி நொறுங்காமல் இருக்கவும் பூச்சி அண்டாமல் இருக்கவும் செய்திருப்பாள். ஆனாலும் ஆயிரக்கணக்கான கால்களை அவள் காப்பாற்றியிருக்கிறாள். இதே பழமைதான் அரிசியை மூன்று தண்ணீர் களைந்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, கஞ்சியை வடித்து மாட்டுத் தொட்டியில் ஊற்றவும் சொல்லிக் கொடுத்தது. உள்ளே இறக்கிய சத்தை மறுபடி வெளியே இறக்குகிற வித்தை! இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி நீராகாரமும் சேர்த்துச் சாப்பிட்டவன் பிழைத்தான். அதைச் சாப்பிட்டவன் பெரும்பாலும் வயலில் இறங்கின கூலிக்காரன். மச்சு வீட்டுக்காரர் வடித்த சோறும் சூடான நெய்யும் சாப்பிட்டார். ஆகவே பழமை என்று ஒன்றே ஒன்று இருந்ததாகச் சொல்வது சரியில்லை. ஒரே தெருவில் இரண்டு மூன்று பழமைகள் இருந்தன. எதற்குத் திரும்பச் சொல்கிறார் சித்தப்பா?

விமரிசகனின் இரண்டாவது கேள்வி, பாத்திரங்களைப் பற்றியது. இந்தக் கதையில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சாப்பாடு இருக்கிறது. செய்தவர்கள் எங்கே?

கைக்குத்தல் அரிசி என்கிறோம். அந்த வார்த்தையிலேயே ஒரு கை இருக்கிறது. யாருடைய கை அது? என் பாட்டியிடம் ஒரு தடவை கேட்டேன். அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் எதையோ படித்துவிட்டு, "பாட்டி, நீங்கள் எல்லாம் கைக்குத்தல் அரிசி சாப்பிட்டதால்தானே இவ்வளவு தெம்பாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "தெம்பா? விடியறதுக்கு முன்னாலே ஒரு மரக்கால் நெல்லு குத்தணும். உலக்கையைப் போட்டுட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கையைத் தூக்கினா கை வராது. எங்க ஊருக்கு மில்லு வந்த அன்னிக்கு நான் பிள்ளையாருக்குச் சூரைத் தேங்காய் போட்டேன்டா" என்றாள்.

மில் வந்த அன்று தேங்காய் உடைத்தவளைத்தான் நாம் மில்லுக்கு எதிரான கதையின் கதாநாயகி ஆக்கியிருக்கிறோம்! உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், முறம் எல்லாம் இப்போது காட்சிசாலையில் வைத்துப் பார்க்கிற பொருள்கள். அவற்றைப் பார்த்து அழகு என்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தொடாதவர்கள். அரைத்தவர்கள் யாரும் அம்மியை மறுபடி கொண்டா என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

உழைப்பைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஏர் பிடித்தவன், நாற்றுப் பறித்தவள், கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் ஓடினவன், இவர்களுக்கு ஒரு வேளைக்குப் பெரிய கும்பா நிறையச் சோறு வேண்டியிருந்தது. உடம்பு அதை எரித்தது. அந்தக் கும்பாவின் அளவு மட்டும் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஏர் வரவில்லை. நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, வண்டியில் வீடு வந்து, சோபாவில் சாய்கிறவன் உழவனின் அளவைச் சாப்பிட்டுவிட்டு, வியாதிக்கு உரத்தின் மேல் பழி போடுகிறான்.

இனி மூன்றாவது கேள்வி: கதை சொல்கிறவனை நம்பலாமா? அவன் இன்று என்ன சாப்பிடுகிறான்?

ஒரு நாள் ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டை அப்படியே எழுதிப் பார்த்தேன். காலையில் காப்பி. நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு மறுபடி காப்பி. மத்தியானம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், ஊறுகாய். நாலு மணிக்குக் காப்பியும் வாழைக்காய் பஜ்ஜியும். ராத்திரி தோசை. படுப்பதற்கு முன் எழுத்து வேலை இருந்தால் இன்னொரு காப்பி. இதில் வெளிநாட்டுச் சரக்கு ஏதாவது உண்டா? பரோட்டா உண்டா? பாட்டில் பானம் உண்டா? எல்லாம் சுத்தமான சுதேசிச் சாப்பாடு, வீட்டில் செய்தது. ஆனால் கணக்குப் போட்டால் விஷயம் வேறு.

காலையில் இட்லியாக வந்தது அரிசி. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மத்தியானம் மூன்று வேஷம் போட்டு வந்ததும் அரிசிதான். ராத்திரி தோசையாக வந்ததும் அதே ஆசாமி. உருளைக்கிழங்கு என்பது காய்கறி வேஷத்தில் வந்த அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி. சாம்பாரில் கரண்டியை விட்டுத் துழாவினால் பருப்பு அகப்படுகிறதோ இல்லையோ, புளி அகப்படும். காப்பிக்கு வருவோம். நாலு காப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் நாற்பது கிராம். அப்பளம், ஊறுகாய், மோர் சாதத்துக்குப் போட்ட உப்பு எல்லாம் சேர்த்தால், ஒரு மனிதனுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிற எல்லை மத்தியானத்திலேயே தாண்டிவிடும்.

குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கின ஆராய்ச்சிக் கூடம் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். அது 2024-இல் இந்தியர்களுக்கான ஆகார விதிகளைப் புதுப்பித்து வெளியிட்டது. தானியத்திலிருந்து வருகிற சக்தி மொத்தத்தில் 45 சதவிகிதத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. நம் நாட்டில் அது 50 முதல் 70 வரை போகிறது. சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. என் காப்பிகளே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. பண்டிகைப் பட்சணம் இன்னும் வரவில்லை. எலிகளை வைத்து நூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இலையில் சோறு அதிகம், மற்றது குறைவு என்பதுதான் இரண்டும். ஒரு வித்தியாசம் உண்டு: அன்று மற்றது வாங்கக் காசில்லை. இன்று மத்தியதர வர்க்கத்துக்குக் காசு இருக்கிறது, பழக்கம் இல்லை.

பலன் என்ன? 2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். இத்தனை பேரையும் பரோட்டாக் கடைக்காரர் ஒருவரே சீக்காளி ஆக்கியிருக்க முடியாது. அவர் மேல் எனக்குத் தனி அன்பு இல்லை. மைதாவும் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயும் நல்லவை என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் மாதத்துக்கு இரண்டு தடவை சாப்பிடுகிற பரோட்டாவை வில்லன் ஆக்கிவிட்டால், நாளைக்கு மூன்று தடவை சாப்பிடுகிற சோற்றின் அளவை யாரும் கேட்கமாட்டார்கள். வில்லன் வெளியூர்க்காரனாக இருந்தால் வீட்டுக்குள் சௌகரியம்.

சிறுதானியமும் இப்போது அப்படித்தான் ஆகியிருக்கிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய வருஷம் என்று கொண்டாடிற்று. நல்ல காரியம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் உண்டு என்பது நிஜம். ஆனால் கடையில் அது பிஸ்கோத்தாகவும் லட்டாகவும், சர்க்கரையும் நெய்யும் பூசிக்கொண்டு, பளபளவென்ற பொட்டலத்தில் வருகிறது. வழிவழியாகக் கூழ் குடித்துவிட்டு நெல்லுச் சோற்றுக்கு ஏங்கின குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குச் சோறு என்பது கௌரவம். பசி தீர்ந்தது என்பதன் அடையாளம். ரேஷன் அரிசியும், 1956-இல் காமராஜர் காலத்தில் பரவிய மதிய உணவும், 1982-இல் விரிந்த சத்துணவும், 2022-இல் ஆரம்பமான காலைச் சிற்றுண்டியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கண்ணில் உயிர் கொடுத்தவை. அரிசியை விஷம் என்று சொல்கிறவன் பசியை அறியாதவன். அரிசி நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. இலையில் அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அந்த இலை யாருடையது என்பவைதான் கேள்விகள்.

யாருடைய இலை என்று எழுதியதும் என் பேனா கொஞ்சம் தயங்குகிறது. ஏனென்றால் இத்தனை நேரம் சித்தப்பாவின் கதையைக் குறை சொன்னவன், இனி தன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு சிறுகதை எழுதினேன். அதில் ஒரு தாயார் வருகிறாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே, பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சோற்றை ரசத்தில் கரைத்து மூன்று கவளம் சாப்பிடுகிறாள். மகன் பார்த்துவிடுகிறான். "பசிக்கலைடா எனக்கு" என்கிறாள் அவள். அந்த இடத்தில் கதை முடிகிறது. கதைக்கு நல்ல பெயர் கிடைத்தது. கண்ணீர் வந்தது என்று வாசகர்கள் எழுதினார்கள். தாய்மையைத் தெய்வமாக்கிவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதினார். பிறகு வந்த என் தொகுதிகளிலும் அந்தக் கதை இருக்கிறது. அந்தத் தாயார் என் அம்மாதான்; நான் எதையும் கற்பனை செய்யவில்லை.

அப்போது வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒரு தபால் கார்டு. எழுதியவர் ஒரு பெண். பெயர் வேண்டாம். "உங்கள் கதை அழகாக இருக்கிறது. என் மாமியாரும் இப்படித்தான் சாப்பிடுவார். இப்போது நானும் இப்படித்தான் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் சத்து இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அந்த மகன் கடைசியில் என்ன செய்தான் என்று நீங்கள் எழுதவில்லையே?" அவ்வளவுதான்.

அந்தக் கார்டை மேஜை இழுப்பறையில் போட்டேன். பதில் போடவில்லை. கதையில் மகன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உணர்ச்சி முடிந்த இடத்தில் கதை முடிய வேண்டும் என்பது அப்போது என் இலக்கியக் கொள்கை.

சில வருஷங்களுக்குப் பிறகு அம்மாவின் வலது காலில் ஒரு புண் வந்தது. செருப்பு கடித்தது என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எத்தனையோ வருஷமாக இருந்திருக்கிறது, ரத்தசோகையும் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில். ஒரு கால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர், "என்ன சாப்பிடுவீங்க அம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அச்சிலேயே வந்திருந்தது. மிஞ்சிய சோறும் ரசமும். பருப்பும் காயும் அடியில் ஒன்றும் நிற்காது. அவை எங்கள் தட்டுகளுக்கு முதலிலேயே போய்விடும். சாப்பாடு ஆனதும் ஒரு டம்ளர் காப்பி. சாப்பிட்ட கையோடு குடிக்கிற காப்பி, ஆகாரத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது என்று அந்த டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது இருபது வருஷம் கோதுமைக் கஞ்சியும் பாகற்காயும் வேளை தவறாமல் பத்தியம் பார்த்துச் செய்து போட்டவள் அவள். அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2019-21 வருஷங்களில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேர் ரத்தசோகைக்காரர்கள் என்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அரிசி மலிவாகக் கிடைக்கிற நாட்டில், முருங்கைக்கீரை வேலி ஓரம் சும்மா தழைக்கிற நாட்டில், இது எப்படி? இதற்கு வியாதிகள், பிரசவங்கள் என்று பல காரணங்கள் உண்டு; வைத்தியர்கள் சொல்வார்கள். அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிற பழக்கமும் ஒரு காரணம். அதற்குக் காவல் நிற்கிறவர்களில் என்னைப் போன்ற கதாசிரியர்கள் உண்டு. கடைசியில் சாப்பிடுவதைத் தியாகம் என்று எழுதினோம். தியாகம் என்று சொல்லிவிட்டால் அதை நிறுத்தச் சொல்வதற்கு யாருக்கு மனசு வரும்? சித்தப்பா பாட்டியின் சாப்பாட்டை மருந்து என்றார். நான் அம்மாவின் பட்டினியைக் கவிதை என்றேன். இரண்டில் எது பெரிய பொய் என்று இப்போது யோசிக்கிறேன். சித்தப்பாவின் பொய்யால் கஷ்டப்படுகிறவர் அவர் ஒருவர்தான்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் சில காரியங்கள் மாறின. பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரியில் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறப் போடுகிறோம். சோற்றுக் கரண்டியும் காய்க் கரண்டியும் இடம் மாறியிருக்கின்றன. முன்பு சோறு போட்ட அளவுக்கு இப்போது கூட்டும் கீரையும். காப்பி இரண்டு, சர்க்கரை அரைக் கரண்டி. முதல் மாதம் அது காப்பியாகவே தோன்றவில்லை. இப்போது கல்யாண வீட்டுக் காப்பி பாயசமாகத் தோன்றுகிறது. இதற்கெல்லாம் பாட்டி காலத்துக்கும் போகவில்லை, வெளிநாட்டுக்கும் போகவில்லை.

மாறாமல் முரண்டு பிடித்தது ஒன்றுதான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று என் மனைவி ஏற்பாடு செய்தாள். பாத்திரங்களை நடுவில் வைத்தாள். "அத்தை, நீங்களும் உட்காருங்கள்" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் உட்கார்ந்துட்டா யாரு பரிமாறுறது?" என்று கேட்டாள்.

"அவரவர் போட்டுக்கொள்ளலாம் அம்மா" என்றேன்.

உட்கார்ந்தாள். முதலில் எனக்குத்தான் கீரை போட்டாள். கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி அவள் தட்டில் போட்டேன். "போதும், போதும், பிள்ளைகளுக்கு வேணும்" என்றாள். கிண்ணத்தில் நிறைய இருந்தது, காட்டினேன். அப்புறம்தான் சாப்பிட்டாள். இன்றைக்கும், நான் கவனிக்காவிட்டால், அவள் தட்டில் கீரை ஒரு கரண்டிதான் விழுகிறது. எழுபது வருஷப் பழக்கத்தை ஒரு டாக்டர் சீட்டு மாற்றிவிடாது.

அந்தத் தபால் கார்டு இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. விலாசம் அழிந்துவிட்டது. அந்த மகன் என்ன செய்தான் என்று கேட்டிருந்தாரே, அவர் கண்ணில் இந்தக் கட்டுரை படுமானால் சொல்லிக்கொள்கிறேன்: ரொம்ப நாள் வரை ஒன்றுமே செய்யவில்லை, அம்மா. கதை எழுதிக்கொண்டிருந்தான்.